வெயில் குழாய், இருட்டுக் குழாய்

தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. இருபத்தோரு வருடமாக அங்கே கண்ணாடிச் சாமான்களுக்கு அவர்தான் பொறுப்பு. கழுவுவார், ஃபர்னஸ் என்கிற மின் உலையில் சுடுவார், அடுக்குவார், கடல் பயணம் போகிறவர்களுக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பார். இதில் காதுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஆய்வுக்கூடம் எதைத் துரத்திக்கொண்டு திரிகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

சில நஞ்சுகள் லேசில் அழிவதில்லை. எங்கேயோ எப்போதோ வயலில் அடித்த பூச்சி மருந்து, தீயணைக்கத் தெளித்த நுரை, ஒட்டாத வாணலிக்குப் பூசிய பூச்சு, இவற்றிலெல்லாம் அப்படிப்பட்ட சரக்கு உண்டு. மண்ணில் மட்காது, கிருமி தின்னாது, மீன் தின்றால் மீனுக்குள்ளேயே குடியிருக்கும். காற்றில் ஏறியும் கடலில் மிதந்தும் கடைசியில் உலகத்தின் கோடியில் இருக்கிற பனிக்கடலில் போய்ச் சேரும். அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் காய்கிற அந்த வெயில், மேல்மட்டத் தண்ணீரில் இறங்கி இந்த நஞ்சை உடைக்கிறதா, உடைத்தால் எத்தனை நாளில் உடைக்கிறது? இதுதான் அவர்கள் கேள்வி.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். பனிக்கடல் தண்ணீரில் அளந்த ஒரு சொட்டு நஞ்சைக் கலந்து, நாற்பத்தெட்டுக் குழாய்களில் ஊற்றி மூடுவார்கள். இருபத்துநாலு குழாய் கப்பலின் மேல்தளத்தில், ஒரு சட்டத்தில் அடுக்கி, வெறுமனே வெயிலில் கிடக்கும். மீதி இருபத்துநாலும் அலுமினியத் தாளில் சுற்றி, அதே சட்டத்தில், அதே குளிரில், அதன் பக்கத்திலேயே கிடக்கும். வெயில் குழாயில் நஞ்சு குறைந்து இருட்டுக் குழாயில் குறையாமல் இருந்தால், குறைத்தது வெயில்தான் என்று அடித்துச் சொல்லலாம். வெயில் குழாய் குவார்ட்ஸ் என்கிற படிகக் கண்ணாடி. வெயிலை முழுசாக உள்ளே விடும். சாதாரணக் கண்ணாடி அப்படியில்லை. வெயிலில் உள்ள காரமான பகுதியை, அந்தப் புற ஊதாக் கதிரை, வாசலிலேயே நிறுத்திவிடும். குவார்ட்ஸ் விலை கொள்ளை விலை என்பதால், எப்படியும் தாளுக்குள் தூங்கப்போகிற இருட்டுக் குழாய்களுக்கு சாதாரணக் கண்ணாடியே போதும் என்று வைத்திருந்தார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கழுவிய குழாய்களை ஃபர்னஸில் போட்டுச் சுட்டுத்தான் பழைய அழுக்கைப் போக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஒட்டிய சீட்டும் எரியும், எழுதிய மையும் எரியும். வெளியே வரும்போது குவார்ட்ஸ் தட்டும் கண்ணாடித் தட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். காதுக்காரர் ஒவ்வொரு குழாயாக எடுத்து நகத்தால் சுண்டுவார். குவார்ட்ஸ் கணீரென்று நெடுநேரம் பாடும். சாதாரணக் கண்ணாடி டக்கென்று வாயை மூடிக்கொள்ளும். "குழாய் விளிம்புல அடையாளமா ஒரு கீறல் போட்டுடலாமே?" என்று ஆய்வுக்கூடத் தலைவி, எல்லோருக்கும் மேடம், ஒருமுறை கேட்டார். "கீறின டியூப் சூடு தாங்காது. என் காது இருக்கறப்ப கீறல் எதுக்கு மேடம்?" என்று இவர் சொன்ன தோரணையில் மேடமே சிரித்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை. அந்தக் கப்பலில் ஒருமுறை போக வேண்டும். நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் ஒரே பதில்தான். "நீங்க போயிட்டா இங்க யாரு பாத்துக்குவா?" பாராட்டு மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போய் யோசித்தால் பூட்டு மாதிரி இருக்கும்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர்தான் அவர். மனைவியின் தம்பி படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, மேடத்திடம் போய்க் கெஞ்சி, தற்காலிக வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். மச்சினன் கெட்டிக்காரன். எள் என்றால் எண்ணெயாக நிற்பான். எண்ணெயாக நின்ற இரண்டாம் வருடமே மேடம் பனிக்கடல் பயணத்துக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார். கிளம்புவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் அவனுக்குக் கப்பல் என்று பெயர் விழுந்துவிட்டது.

காதுக்காரருக்கு வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, மூன்று வேளையும் எரிந்தது. வீட்டில் மனைவி வாயைத் திறந்தால் தம்பி புராணம்.

"தம்பிக்கு உங்க பெரிய கம்பளிச் சட்டை சரியா இருக்கும்ல?"

காதுக்காரர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்டதான் கேக்கறேன்! மூணு தடவை கூப்பிட்டாச்சு. காதுல விழலையா?"

"விழுந்துச்சு, விழுந்துச்சு. எடுத்துக் குடு. அப்படியே என் தோலையும் உரிச்சுக் குடு, குளிருக்கு நல்லா இருக்கும்."

பெட்டி கட்டிய நாளில் மச்சினன் மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தான். காதுக்காரர் தனியாக உட்கார்ந்து நாற்பத்தெட்டையும் சுண்டினார். சுண்டச் சுண்ட ஒரே நினைப்பு. இது வெயில் பார்க்கப் போகிற குழாய், இது தாளுக்குள் போகிற குழாய். தண்ணீர் ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். ஒன்று வெயிலில் கிடக்க, இன்னொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் இருட்டில் கிடக்கிறது. 'நான் எந்தக் குழாய்னு சுண்டிப் பாக்கவே வேண்டாம்' என்று முணுமுணுத்துக்கொண்டே தாளை இறுக்கிச் சுற்றினார். பெட்டியோடு போகிற கட்டுச் சீட்டில் 'தட்டிப் பார்த்தவர்' என்ற இடத்தில் வழக்கம்போலத் தன் கையெழுத்தைப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து மச்சினன் திரும்பி வந்தான். உதடு வெடித்து, மூக்கு உரிந்து, ஆளே கறுத்திருந்தான். அந்தக் கறுப்பைப் பார்த்தும் இவருக்குப் பொறாமை. இங்கே எத்தனை வெயிலில் நின்றாலும் அந்தக் கறுப்பு வருமா?

பிறகுதான் முடிவு வந்தது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மேடம் தாளைப் புரட்டினார்.

"ஆறு வாரம். வெயில் டியூப்லயும் இருட்டு டியூப்லயும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கு. பாதியாவது குறைஞ்சிருக்கணும். சட்டத்தை வெயில்ல வெச்சீங்களா, கப்பல் நிழல்ல வெச்சீங்களா?"

மச்சினன் தலை குனிந்தான். "நிழல் விழுந்திருக்கலாம் மேடம். நான் சரியா கவனிக்கல."

"மறைக்காம ஒத்துக்கிட்டதுல சந்தோஷம். ஆனா ஒரு கோடை போச்சு. அடுத்த பயணத்துக்கு யாருன்னு யோசிக்கணும். உங்க வேலையை நிரந்தரம் பண்றதைப் பத்தியும்தான்."

காதுக்காரரின் மனம் இருந்த நிலையை நான் மூடி மறைக்கப்போவதில்லை. குளிர்ந்தது. மூன்று மாத எரிச்சல் ஒரே நொடியில் அணைந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் பக்கத்தில் நின்றவருக்கு எழுந்து இடம் கொடுத்தார். வீட்டில் முகம் வாடி உட்கார்ந்திருந்த மச்சினன் தோளைத் தட்டி, "விடு மாப்ள, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று ஆறுதல் சொன்னார். அடுத்தவனை மன்னிக்கிற சுகம் இருக்கிறதே, கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. மனைவிக்கு மட்டும் சந்தேகம். "என்ன, இன்னைக்கு ரொம்ப நல்லவரா இருக்கீங்க?"

அந்த சுகத்துக்கு ஆயுசு நாலு நாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கழுவுமிடத்தில் உட்கார்ந்து, திரும்பி வந்த குழாய்களின் தாளை உரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் தொட்டியின் மேல் விழுந்தது. உரித்த குழாய் ஒன்றைக் கழுவித் தூக்கினார். வாய் விளிம்பைக் குறுக்காகப் பார்த்தால் சாதாரணக் கண்ணாடியில் மெல்லிய பச்சை தெரியும்; காது இருக்கும்போது அதைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இதில் பச்சையே இல்லை. சுத்தத் தண்ணீர் மாதிரி இருந்தது. இன்னொன்றை உரித்தார். அதிலும் இல்லை. வெறுமனே வெயிலில் கிடந்த குழாய் ஒன்றை எடுத்தார். பச்சை.

மீதித் தாளையும் மளமளவென்று உரித்துப் பார்த்தார். தட்டு மாறியிருக்கிறது. இருபத்துநாலு குவார்ட்ஸையும் தாளில் சுற்றித் தூங்க வைத்துவிட்டு, வெயிலை வடிகட்டுகிற சாதாரணக் கண்ணாடியைப் பனிக்கடல் வெயிலில் காய வைத்திருக்கிறார்கள். யார்? கட்டுச் சீட்டில் கையெழுத்து இருக்கிறதே, இருபத்தோரு வருடமாக மாறாத அதே கையெழுத்து.

கோபத்தில் கவனம் சிதறிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டார். தம்பி, கம்பளி, கப்பல் என்று மனசு வெந்துகொண்டிருந்ததில் கை தப்பிவிட்டது. இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கழுவி அடுக்கிவிட்டால் முடிந்தது. குழாய்க்கு வாயுண்டே தவிரப் பேச்சு இல்லை. மச்சினன் ஏற்கெனவே நிழல் விழுந்தது என்று ஒத்துக்கொண்டுவிட்டான். அவன் சின்ன வயசுக்காரன், வேறு வேலை தேடிக்கொள்வான். இவருக்கு இந்தப் பெயரை விட்டால் என்ன இருக்கிறது?

இரண்டு நாள் அந்தக் குழாய்களைக் கழுவாமல் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். மூன்றாம் நாள் மச்சினனை மாடிப்படியில் மடக்கினார். அவனுக்கு ஏதாவது தெரியுமா என்று தூண்டில் போட்டுப் பார்க்கத்தான்.

"அந்தச் சட்டம்... நிஜமாவே நிழல்லயா கெடந்துச்சு?"

மச்சினன் படியில் நின்றபடியே அவரைப் பார்த்தான். "இல்ல மாமா. ஒரு நாள்கூட நிழல் விழல. நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை நானே திருப்பி வெச்சேன்."

"அப்புறம் ஏன்?"

"கடைசி வாரம், தண்ணி எடுத்துக் காலியான இருட்டு டியூப் ஒண்ணைக் கழுவ உரிச்சேன். கை நழுவித் தொட்டியில இடிச்சுது. கணீர்னு பாடுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா ஆறு வாரமும் முடிஞ்சிருச்சே, என்ன பண்றது?"

"ஏன்டா சொல்லல?"

"நீங்க தட்டாம கட்டியிருக்க மாட்டீங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். அதான் சொல்லல."

இதைக் கேட்டதும் கண் கலங்கியது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். கலங்கவில்லை. அவருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது, முன்னைவிட அதிகமாக. கப்பலைத்தான் எடுத்துக்கொண்டான், போகட்டும். மனைவியின் பாராட்டை எடுத்துக்கொண்டான், போகட்டும். பெருந்தன்மையையும் இவனேவா எடுத்துக்கொள்ள வேண்டும்? இவர் ஊமையாக இருந்தால் வாழ்நாள் முழுக்க அவன் பெரிய மனிதன், இவர் அவன் தயவில் பிழைக்கிறவர். அதைவிட வேலையே போகலாம்.

ஆகவே, மறுநாள் காலை காதுக்காரர் மேடத்தின் அறைக்கு உண்மையைச் சொல்லப் போனதற்குக் காரணம் நல்ல மனசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறாமைதான் அவரைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனது. மச்சினனையும் கூடவே வரச் சொல்லியிருந்தார், தான் ஒத்துக்கொள்வதை அவன் பார்க்க வேண்டும் என்று.

இரண்டு குழாய்களை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மேடம் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் கடைசியில். "தப்பு நடந்தா சரி பண்ணிக்கலாம். எனக்கு வேற ஒண்ணு தெரியணும். உங்க மச்சினருக்கு இது தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே நிழல்னு சொன்னாரா? தப்பு பண்றவங்களோட வேலை செய்யலாம். தப்பை மறைக்கிறவங்களை நான் மறுபடி கடலுக்கு அனுப்ப மாட்டேன். வேலையிலயும் வெச்சிருக்க மாட்டேன்."

மச்சினன் வாயைத் திறந்தான். மேடம் கையமர்த்தினார். "உங்களைக் கேக்கல. அவரைக் கேக்கறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது பொய்கூட இல்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் கப்பல் தரைதட்டிவிடும். அடுத்த கோடைக்கு ஆள் வேண்டும். உண்மையை ஒத்துக்கொண்ட யோக்கியர் ஒருவர் எதிரிலேயே நிற்கிறார். காதுக்காரரின் நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்துவிட்டது. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. படியில் நின்று 'அதான் சொல்லல' என்று மச்சினன் சொன்ன விதமும் நினைவுக்கு வந்தது. அப்போதுதான், அவனைக் காப்பாற்றிய மாதிரியும் ஆகி, தன் எரிச்சலும் கொஞ்சம் தணிகிற மாதிரி ஒரு வழி தெரிந்தது.

"அவனுக்கு எப்படித் தெரியும் மேடம்?" என்றார். "தட்டினா வித்தியாசம் தெரியணும்ல? அவனுக்கு அந்தக் காது கிடையாது. எது பாடுது, எது பாடலன்னு ஒரு மண்ணும் தெரியாது."

சொல்லும்போதே சுகமாக இருந்தது. மச்சினன் காது மடல் சிவந்ததைப் பார்த்ததும் இன்னும் சுகமாக இருந்தது.

மேடம் பேனாவை மூடினார். "அப்ப சரி. அடுத்த கோடைக்கும் அவரே போகட்டும். ஆனா போறதுக்கு முன்னாடி தட்டிப் பாக்கக் கத்துக்கணும். நீங்க பரிச்சை வைங்க. ரெண்டு பேரும் தட்டிப் பாத்தப்புறம்தான் பெட்டியை மூடணும்."

தெரிந்தவன் தெரியாதவனாக நடிக்கிற கூத்து கழுவுமிடத்தில் ஆரம்பமானது. மேடத்தின் அறை எதிரிலேயே இருந்ததால் ஒழுங்காக நடிக்க வேண்டும். இருவரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதல் வாரத்தில் ஒவ்வொரு மூன்றாவது குழாய்க்கும் மச்சினன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல வேண்டும். காதுக்காரர் சுண்டுவார். அவன் சொல்வான். "தப்பு!" என்று இவர் போடும் சத்தம் நடைபாதையின் அந்தக் கோடி வரை கேட்கும். அந்த ஒரு வார்த்தைக்காகவே காலையில் சீக்கிரம் வேலைக்கு வந்தார். முதல் மூன்று நாளும் அவர் எந்தத் தட்டு என்ன என்று ஜன்னலோரம் விளிம்பைப் பார்த்துத் தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தார். பரிச்சை வைப்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டுமே.

நாலாம் நாள் ஃபர்னஸிலிருந்து அப்போதுதான் வந்த தட்டு. இரண்டு வகையும் கலந்து கிடந்தது. காதுக்காரர் ஒன்றை எடுத்துச் சுண்டினார்.

"குவார்ட்ஸ்" என்றான் மச்சினன்.

"சரி."

அடுத்தது. "சாதாக் கண்ணாடி."

"சரி."

மூன்றாவது. மச்சினன் ஒரு நொடி தயங்கினான். "சாதாக் கண்ணாடி."

"சரி" என்றார் காதுக்காரர். அடுத்த குழாய்க்குக் கையை நீட்டினார்.

மச்சினன் அசையவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். "மாமா. இது நான் தப்பாச் சொல்ற முறை."

காதுக்காரர் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். மறுபடி சுண்டினார். டக்கென்று நின்றுவிட்டது. எழுந்து ஜன்னலுக்குப் போய் விளிம்பைப் பார்த்தார். துளிப் பச்சை இல்லை. தட்டிலிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டினார். எல்லாம் ஒன்றுபோலவே ஒலித்தன. குழாய் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கும். மேலே போகிற அந்த மெல்லிய குரல் அவரை எட்டவில்லை.

பெட்டி கட்டிய அந்த நாள் அவருக்கு இப்போது தெளிவாக நினைவுக்கு வந்தது. கோபம் இருந்தது, உண்மை. ஆனால் நாற்பத்தெட்டையும் சுண்டினார். ஒன்றுகூட விடவில்லை. கை தப்பவில்லை. எந்தத் தட்டு குவார்ட்ஸ் என்று முன்கூட்டியே நினைத்தாரோ, அதுதான் பாடுகிற மாதிரி அவருக்குக் கேட்டிருக்கிறது.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"கப்பல்லயே தெரியும். நீங்க தட்டாம கட்ட மாட்டீங்களே மாமா. தட்டியும் மாறிப்போச்சுன்னா வேற என்ன இருக்கும்? அக்காகூடச் சொல்லிக்கிட்டே இருக்கு, மூணு தடவை கூப்பிட வேண்டியிருக்குன்னு."

காதுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். 'அவனுக்கு அந்தக் காது கிடையாது' என்று மேடத்திடம் சொன்னபோது இருந்த சுகம் இப்போது வந்து வட்டியோடு அறைந்தது. எதிரில் நின்ற மச்சினனின் காதைப் பார்த்தார். சாதாரணக் காதுதான், கொஞ்சம் பெரிசு. அதன் மேல் அவருக்கு வந்த பொறாமைக்கு முன்னால் கப்பல் மேல் வந்த பொறாமை ஒன்றுமே இல்லை. பறித்து ஒட்டிக்கொள்ள முடிந்தால் ஒட்டிக்கொண்டிருப்பார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான் மச்சினன். "நான் தட்டறேன். நீங்க கையெழுத்துப் போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

காதுக்காரர் குழாய்களை அவன் பக்கம் நகர்த்தினார். "தட்டு" என்று மட்டும் சொன்னார். அவன் சுண்டிச் சுண்டி இரண்டு பக்கமாகப் பிரித்தான். இவர் ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு விளிம்பிலும் பச்சை தேடினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. தப்பியிருக்கக் கூடாதா என்றுகூட இருந்தது.

கோடைப் பயணத்துக்குப் பெட்டி கட்டும் நாள் வந்தது. இருபத்துநாலு குவார்ட்ஸ் வெறுமனே, இருபத்துநாலு கண்ணாடி தாளுக்குள். தாள் சுற்றியது காதுக்காரர். மேடம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுச் சீட்டில் 'தட்டிப் பார்த்தவர்' என்ற இடம் காலியாக இருந்தது. மச்சினன் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினான். காதுக்காரர் அதை எடுத்து, கையெழுத்துப் போடாமல், அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீ போடு. தட்டினது நீதானே."

"என்ன, கத்துக்கிட்டாரா?" என்றார் மேடம்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய் மேடம்" என்றார் காதுக்காரர். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. "அவனுக்கு நல்ல காது. போனது என் காதுதான். இனிமே அவன்தான் தட்டணும்."

மேடம் மச்சினனைப் போடும்படி கையால் சாடை காட்டினார்; உதடு அசைந்தது. ஏதோ சொன்னார். காதுக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை. குனிந்து பெட்டியின் மூடியை இழுத்துப் பொருத்தி, ஒவ்வொரு மூலையாக ஆணி அடிக்க ஆரம்பித்தார்.